சாமான் அறைச் சாவியும் அமைப்புக் கோட்பாடும்

இருளின்மேல் ஒளியையும் நீரின்நடுவே நிலத்தையும் தன் சொல் ஒன்றினாலே நிரல்பட நிறுத்தி, கமிட்டி கூட்டாமலும் தீர்மானம் எழுதாமலும் ஆறே நாளில் இவ்வுலகை அமைத்து முடித்து, ஏழாம் நாள் ஓய்ந்திருந்த பேரருளாளனே! உன் அடியேன் வேதமாணிக்கம், அறுபத்தொன்பதாம் வயதில், அமைப்பு என்பது யாதென்று கற்கப் புகுகின்றேன். எழுதும் கையைக் காத்தருள். எழுதாமல் விடும் மனத்தையும் கண்டருள். ஆமென்.

ஜூன் 2, திங்கள்

தொலைநிலைக் கல்வி நிலையத்திலிருந்து பாடநூல்கள் அஞ்சலில் வந்து சேர்ந்தன. மேலாண்மைப் பட்டயப் படிப்பு; முதல் தாள் அமைப்புக் கோட்பாடு. முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழாசிரியனாய் இருந்து ஓய்ந்தவனுக்கு இது எதற்கு என்று அஞ்சல்காரர் கேட்கவில்லை. என் மனைவி ஞானப்பூ கேட்டாள்.

“பொட்டி நெறைய புஸ்தகம். எந்தக் கம்பெனிய நடத்தப் போறீங்க?”

நான் நடத்த வேண்டியது அசனம். எங்கள் தயாபுரம் ஆலயத்தின் பிரதிஷ்டைப் பண்டிகையில், ஆராதனை முடிந்தபின் ஊரார், அயலூரார், வழிப்போக்கர் எல்லாரும் சாதி, சமயம் பாராமல் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணும் பொதுவிருந்து அது. சமைப்பவரும் பரிமாறுபவரும் சபையாரே. ஏறத்தாழ இரண்டாயிரம் இலைகள் விழும். அசனக் கமிட்டிக்கு இருபத்திரண்டு ஆண்டுகளாக அடியேனே செயலாளர்.

சென்ற ஆண்டு உணவு பற்றவில்லை. காலையிலிருந்து நீர் சுமந்தவரும் வெங்காயம் உரித்தவரும் பரிமாறியவருமாக எண்பது பேர் கடைசிப் பந்தியில் அமர்ந்து, சோறு விழாத வெறும் இலைகளிலிருந்து எழுந்தனர். தலைமைச் சமையற்காரர் தேவஇரக்கம், ஞானப்பூவின் உடன்பிறந்த தம்பி, முற்றத்தில் நின்று, “என் கணிப்பு தப்பிட்டு, மன்னிச்சிருங்க” என்று கைகூப்பினாராம். அன்றுமுதல் அவர் எங்கள் வீட்டு வாசல்படி ஏறவில்லை. இவ்வாண்டு கரண்டி பிடிக்கமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். மறுபடியும் ஓர் இலை வெறுமையாய் எழுந்தால் அசனத்தை வெளியூர்க் கேட்டரிங்காரரிடம் ஒப்படைப்பதாகப் பாதிரியார் தீர்மானமாகக் கூறியுள்ளார்.

பண்டிகை ஆகஸ்ட் பதினாறு. கல்வி கைகொடுக்கும்.

ஜூன் 5, வியாழன்

சாமான் அறையைச் சரிபார்த்தேன். அண்டா பதினொன்று, கரண்டி முப்பத்தாறு. சென்ற ஆண்டு மீந்த இரண்டு மூட்டை அரிசி கிறிஸ்மஸ் அன்று சிறுவர் விருந்துக்கு உதவியதாகப் பதிவேட்டில் உள்ளது. என் கையெழுத்து அழகாக விழுந்திருக்கிறது.

ஜூன் 7, சனி

பாளையங்கோட்டைக் கற்கை மையத்தில் முதல் வகுப்பு. நடத்துபவர் பர்வீன் மேடம். முப்பத்தைந்து வயதிருக்கும். குரல் தணிவு, கண் கூர்மை.

முதற்கண் செவ்வியல் பார்வை. அமைப்பென்பது ஒரு பொறி. ஒவ்வொரு பணிக்கும் ஓர் ஆள், ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு மேலாள், எல்லாவற்றுக்கும் எழுத்தில் ஒரு விதி. கேட்கக் கேட்க எனக்கு மெய்சிலிர்த்தது. வனாந்தரத்தில் காலைமுதல் மாலைவரை தனியே நியாயம் விசாரித்துச் சோர்ந்த மருமகனிடம், ஆயிரம் பேருக்கு ஒருவன், நூறு பேருக்கு ஒருவன், பத்துப் பேருக்கு ஒருவன் என்று தலைவர்களை வகுக்கச் சொன்ன மாமனாரை வேதத்தில் எத்தனை முறை வாசித்திருக்கிறேன்! மேலாண்மை அங்கேயே பிறந்துவிட்டதென்று எழுந்து சொன்னேன். பின்வரிசையில் இருந்த வங்கி மேலாளர் ஒருவர், “மாமனார் சொன்னதைக் கேட்ட ஒரே மருமகன் சார் அவரு” என்றார்.

“செயலாளரின் கையொப்பமின்றி யாதொரு பொருளும் இவ்வறையினின்று வெளியேறலாகாது” என்று ஏழாண்டுக்கு முன்பே சாமான் அறைக் கதவில் நான் எழுதி ஒட்டியிருப்பதை மேடத்திடம் கூறினேன். குறித்துக்கொண்டார்.

ஜூன் 10, செவ்வாய்

அசனத்துக்கு அமைப்பு வரைபடம் தயாரித்தேன். நாற்பத்தொரு கட்டங்கள். ஞானப்பூ கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலால் தேடினாள்.

“தேங்காய்த் துருவல் துணைக்குழு, உறுப்பினர். நாப்பத்து மூணு வருஷம் உங்ககூடக் குடும்பம் நடத்துனதுக்கு உறுப்பினரா?”

துணைத்தலைவர் ஆக்கலாம் என்றேன். அவள் விரல் நடுக்கட்டத்தில் வந்து நின்றது. தலைமைச் சமையற்காரர், பெயர் இல்லை.

“இது யாரு?”

பரிசீலனையில் உள்ளது என்றேன். அடுக்களைக்குப் போய்விட்டாள். இன்றைய குழம்பில் உப்பில்லை. இரத்த அழுத்தத்திற்கு நல்லதென்று உண்டேன்.

ஜூன் 12, வியாழன்

கோயிலைப் பெருக்கிக் காக்கும் யோவேல் விளக்குமாறு வேண்டுமென்று வந்தார். பதிவேட்டில் கையொப்பமிட்டுக் கொடுத்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

ஆராதனை முடிந்து பணி ஆணைகளைப் பகிர்ந்தளித்தேன். பதினான்கு விதிகள். வெங்காயக் குழுவுக்குத் தலைவியான எப்சிபா, தாளைத் தூரப்பிடித்து வாசித்தார்.

“சார்வாள், ஒம்பதாவது விதில உரிக்கும்போது பேசக் கூடாதுன்னு போட்டிருக்கு.”

பேச்சு வேகத்தைக் குறைக்கும் என்று விளக்கினேன்.

“பேசிக்கிட்டு உரிச்சா கண்ணுதான் கலங்கும். பேசாம உரிச்சா நெஞ்சே கலங்கிரும், சார்வாள். எத்தன வருஷத்து விஷயம் உள்ள கெடக்கு!”

பெண்கள் சிரித்தனர். யோவேல் வந்து, பழைய விளக்குமாற்றைத் திருப்பி ஒப்படைக்க எந்தப் பக்கத்தில் கையெழுத்து என்று கேட்டார். அவர் கேலி செய்கிறாரா என்று அறியக் கூடவில்லை.

ஜூன் 21, சனி

இரண்டாம் பார்வை: மனித உறவு. ஒரு தொழிற்சாலையில் விளக்கொளியைக் கூட்டினார்கள்; வேலை மிகுந்தது. ஒளியைக் குறைத்தார்கள், அப்போதும் மிகுந்தது. தம்மை ஒருவர் கவனிக்கின்றார் என்பதே காரணமாம். மேய்ப்பன் ஆட்டைப் பெயர் சொல்லி அழைப்பதன் பொருள் இன்றுதான் எனக்கு முழுதும் விளங்கிற்று. நாளைமுதல் வீடுவீடாகச் சென்று ஒவ்வொருவர் மனநிலையையும் கேட்டறியப் போகிறேன்.

ஜூன் 24, செவ்வாய்

பதினேழு வீடுகள். “நீங்கள் உள்ளத்தளவில் எவ்வாறு இருக்கிறீர்கள்?” என்ற வினாவுக்குக் கிடைத்த மறுமொழிகளைப் பதிகின்றேன். ஒன்பது பேர்: “சபைத் தேர்தல்ல நிக்கியளா?” ஐவர்: “காப்பி குடிக்கியளா?” இருவர் கதவு திறக்கவில்லை. எப்சிபா என் கையைப் பிடித்துக்கொண்டு, “டாக்டரு என்ன சொன்னாரு, மறைக்காம சொல்லும் சார்வாள்” என்று கண்ணீர் மல்கினார்.

மாலையில் ஜெபக்குழுவினர் பன்னிருவர் எனக்காக மன்றாட வீட்டுக்கு வந்துவிட்டனர். ஞானப்பூ அனைவருக்கும் சுக்குக் காப்பி கொடுத்தாள்.

மேலத்தெருவுக்குப் போகவில்லை. அங்கே நாய்த்தொல்லை. தேவஇரக்கத்தின் வீடும் அத்தெருவில்தான் என்பது தற்செயல்.

ஜூலை 5, சனி

இன்றைய வகுப்பை என்றும் மறவேன். அமைப்பு ஓர் உயிரி என்பார் ஒரு சாரார். சூழலை உண்டு சூழலில் வாழ்வது. அமைப்பென்பது அதிகாரப் போட்டி என்பார் மற்றொரு சாரார். வழக்கங்களும் கதைகளும் சடங்குகளும் சேர்ந்த ஒரு பண்பாடே அது என்பார் வேறொரு சாரார். “இதுல எது மேடம் சரி?” என்று வங்கி மேலாளர் கேட்டார். ஒவ்வொரு பார்வையும் ஒன்றைக் காட்டும்போதே மற்றொன்றை மறைக்கும் என்றார் மேடம்.

என்னால் அமர்ந்திருக்க இயலவில்லை. அகப்பாடல்களில் புலவன் தன் குரலில் பேசுவதே இல்லை. தலைவி பேசுவாள், தோழி பேசுவாள், வளர்த்த செவிலி பேசுவாள், வழியில் கண்டவர் பேசுவர். நிகழ்ந்தது ஒன்று, கூற்று பல. தலைவி மறைத்ததைத் தோழியின் கூற்றில் அறிவோம். தோழி அறியாததைச் செவிலியின் கூற்றில் அறிவோம். இருபது நிமிடம் பேசினேன். வங்கி மேலாளர் தூங்கிவிட்டார்.

மேடம் மட்டும் பேனாவைக் கீழே வைத்துக் கேட்டார். “அசைன்மெண்ட்ட அப்படியே எழுதுங்க சார். உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு அமைப்பு. அதுல நடந்த ஒரு தோல்வி. அத மூணு பேரோட கூற்றா சொல்லுங்க.”

ஜூலை 8, செவ்வாய்

எழுதி முடித்தேன். பதினொரு பக்கம். சென்ற ஆண்டின் பற்றாக்குறையே பொருள். செவ்வியல் பார்வையில், சமையற்காரரின் கணிப்பு எழுத்தில் இல்லாமை பிழை. மனித உறவுப் பார்வையில், அவர் உள்ளம் சோர்ந்திருக்கலாம். சூழல் பார்வையில், புதிய பேருந்துத் தடத்தால் அயலூர்க் கூட்டம் பெருகியது. சாமான் அறை நிருவாகத்தின் சிறப்புக்கு, விழா முடிந்தபின் இரண்டு மூட்டை அரிசி சிந்தாமல் சிதறாமல் மீந்திருந்ததைச் சான்றாகக் காட்டியுள்ளேன்.

ஞானப்பூவிடம் வாசிக்கக் கொடுத்தேன். ஒரு பக்கம்கூட விடாமல் வாசித்தாள்.

“எழுத்து முத்து முத்தா இருக்கு” என்றாள். பிறகு, “இந்தப் பண்டிகைக்கு அந்த வெள்ள ஜிப்பா போடலயா? போன வருஷம் போட்டதுதான், அப்புறம் போடவே இல்லயே” என்றாள்.

தோளில் இறுக்கமாகிவிட்டது என்றேன்.

ஜூலை 19, சனி

அசைன்மெண்ட் திரும்பி வந்தது. நூற்றுக்கு அறுபத்திரண்டு. நடையழகைப் பாராட்டியிருக்கிறார். பத்தாம் பக்கத்தின் ஓரத்தில் சிவப்பு மையில் இரண்டு வரி:

“எண்பது பேருக்குச் சோறு இல்லை என்கிறீர்கள். இரண்டு மூட்டை அரிசி மீந்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் அரிசி எங்கே இருந்தது? சாவி யாரிடம் இருந்தது?”

வயதில் இளையவர் இவ்வளவு துருவுவது முறையன்று. திரும்பும் பேருந்தில் சன்னலோர இருக்கை கிடைத்தது.

ஜூலை 20, ஞாயிறு

ஆராதனைக்குச் சென்றேன். பிரசங்கம் எதைப் பற்றியது என்று நினைவில்லை.

ஜூலை 24, வியாழன்

மூன்று நாளாக ஏட்டைத் திறக்கவில்லை. இனி எழுதுகின்றேன்.

சென்ற ஆண்டுச் சிறப்பு விருந்தினர் ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர். முதற்பந்தியில் உண்டு எழுந்து காரில் ஏறும் வேளையில், ஒரு பழம்பாடலைத் தலைவி கூற்று என்றார். அது தோழி கூற்று என்றேன் நான். அவர் இல்லை என்றார். வாதத்தை விட்டுவிட மனமில்லாமல் காருக்குள் ஏறி அமர்ந்துவிட்டேன். செருப்பு கோயில் வாசலில் கிடந்தது. பாளையங்கோட்டை சேரும்போது அவர் தோற்றார். அவர் வீட்டில் மோர் கொடுத்தார்கள். தோழி கூற்றே என்று அவர் வாயால் சொல்லக் கேட்ட மகிழ்ச்சியில், வெறுங்காலோடு பேருந்தேறி ஐந்து மணிக்கு ஊர் வந்தேன்.

முற்றத்தில் இலைகளை வாரிக்கொண்டிருந்தார்கள். தேவஇரக்கம் மன்னிப்புக் கேட்டு முடித்து, கோட்டையடுப்பின் அருகே குத்துக்காலிட்டு அமர்ந்திருந்தார். அண்டாவில் உலை இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. போட அரிசி இல்லாத உலை. அரிசி பூட்டிய கதவுக்குப் பின்னால் இருந்தது. சாவி என் வெள்ளை ஜிப்பாவின் பையில் இருந்தது.

சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் நாலு பேர் வந்து, “உங்க மச்சான் இந்த வருஷம் கவுத்திட்டாரே, சார்வாள்” என்றார்கள். வாயை மூடிக்கொண்டேன்.

மூடிய வாய் ஓராண்டாகத் திறக்கவில்லை. அதற்குள் அமைப்பு வரைபடமும் பதினான்கு விதிகளும் உண்டாயின.

ஜூலை 26, சனி

வகுப்புக்குப் போகவில்லை. மேலத்தெருவுக்குப் போனேன். அத்தெருவில் நாயே இல்லை.

தேவஇரக்கம் முற்றத்தில் சோறு கிண்டும் துடுப்புக்குப் புதுக்காம்பு போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து துண்டை எடுத்தார்.

“வாங்க, அத்தான். உக்காருங்க. வீடு வீடாப் போயி எல்லாரு மனசையும் விசாரிச்சியளாம். மேலத்தெருவுல இருக்கவனுக்கு மனசு இல்லன்னு விட்டுட்டியளோன்னு நெனச்சேன்.”

வழியெல்லாம் கட்டிவந்த வாக்கியங்கள் ஒன்றும் உதவிக்கு வரவில்லை. “தேவஇரக்கம், போன வருஷம் சாவி எங்கிட்டதான்டே இருந்துச்சு” என்றேன்.

அவர் காம்பை இறுக்கிக்கொண்டே, “தெரியும்” என்றார்.

“தெரியுமா?”

“பூட்டுக்கு முன்னால நின்னவன் நாந்தான. யோவேலு சொன்னான், சாரு காருல போயிட்டாருன்னு. ஒடச்சிரலாம்னு கடப்பாரையக்கூட எடுத்தேன். கதவுல உங்க எழுத்து. கையொப்பமின்றி யாதொரு பொருளும்.” அதை என் குரலிலேயே சொல்லிக் காட்டினார். “ஒடச்சா ஊருக்கே தெரியும், நீங்க சாவியோட போயிட்டீங்கன்னு. அக்கா அங்கன தேங்காத் துருவிக்கிட்டு உக்காந்திருக்கா. அவ முன்னால எப்படி ஒடைக்கது?”

“பிறகு ஏன்டே வீட்டுப்பக்கம் வரல?”

“நான் வந்தா நீங்க என் மூஞ்சியப் பாக்கணும்லா. உங்களுக்குக் கஷ்டம்னுதான் வரல.”

வேதத்தில் பிறர் பிழையைச் சுமந்தவரைப் பற்றி நான் எத்தனை முறை பிரசங்கித்திருக்கிறேன்! அவர் எட்டாம் வகுப்போடு நின்றவர். என் பிரசங்கங்களை அவர் பின்வரிசையில் தூங்கியபடியே கேட்டிருக்கிறார்.

மன்னிக்கும்படி கேட்டேன். அதற்கு அவர் இட்ட நிபந்தனை ஒன்றே: “கரண்டி பிடிக்கேன். அந்தக் கதவக் கழட்டிருங்க.”

வீடு வந்து ஞானப்பூவிடம் நடந்ததைச் சொன்னேன். ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே, “அந்த ஜிப்பாவத் தொவைக்கப் போட்டவ யாரு?” என்றாள். “பையில சாவி இருந்துச்சு. எடுத்து வச்சு, தொவச்சு, காயப்போட்டு, தேச்சு, திரும்பப் பையிலயே போட்டு வச்சேன். சாவிய மட்டும் எடுத்துக்கிட்டீங்க. வாய எப்பத் தொறப்பியன்னு ஒரு வருஷமாப் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

“ஏன் சொல்லவில்லை?”

“உறுப்பினர்தான நான்?”

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பாதிரியாரிடம் அனுமதி பெற்று, அறிவிப்பு வேளையில் சபையார்முன் நின்றேன். சென்ற ஆண்டுப் பற்றாக்குறைக்குத் தேவஇரக்கம் காரணமல்லர் என்றும், சாவியை எடுத்துக்கொண்டு இலக்கியம் பேசப் போன அடியேனே காரணம் என்றும் அறிக்கையிட்டேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து எப்சிபாவின் குரல் வந்தது. “அது எங்களுக்குத் தெரியும்லா, சார்வாள். கடைசிப் பந்தில பூட்டுக்கு எதுக்கதான எல போட்டு உக்காந்திருந்தோம். தேவஇரக்கம் யாரும் பேசப்படாதுன்னு சொன்னதால வாய மூடிக்கிட்டு இருந்தோம். அதாம் அவ்வளவு வெங்காயம் உரிச்சும் வெளிய வரல. அடுத்த அறிவிப்ப வாசியும்.”

அடுத்த அறிவிப்பு பெண்கள் ஐக்கியக் கூட்டம். வாசித்தேன். முந்தைய பந்திகளில் உண்டுவிட்டு ஓராண்டாகத் தேவஇரக்கத்தைக் குறைசொன்ன ஆண்கள் பலர் பாட்டுப்புத்தகத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தனர். அவர் மட்டும் தூங்கிக்கொண்டிருந்தார். அல்லது கண்ணை மூடியிருந்தார்.

ஆகஸ்ட் 9, சனி

கதவைக் கழற்றினோம். நான் திருப்புளியும் தேவஇரக்கம் கதவும் பிடித்தோம். விதித்தாளைக் கிழிக்காமல் அப்படியே விடச் சொன்னார். காரணம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 16, சனி

அசனம். விடியுமுன்னே அடுப்புகள் மூண்டன. வெங்காயக் குழுவின் பேச்சு முற்றத்தைத் தாண்டித் தெருவரை கேட்டது. உரித்த கூடைகள் என் வரைபடத்தில் கணித்ததைவிட ஒரு மணி நேரம் முன்னதாக நிரம்பின. சாமான் அறைக் கதவு இரண்டு பீப்பாய்களின்மேல் கிடந்து, காய்கறி நறுக்கும் மேசையாயிற்று. “யாதொரு பொருளும் வெளியேறலாகாது” என்ற வரியின்மேல் கத்தரிக்காய் நறுக்கினார்கள்.

கூட்டம் சென்ற ஆண்டினும் மிகுதி. மூன்று மணிக்குத் தேவஇரக்கம் சோற்று அண்டாவை எட்டிப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். உடனே இருவர் கதவில்லாத வாயிலுக்குள் புகுந்து அரிசி மூட்டைகளைத் தோளில் தூக்கி வந்தனர். எவரும் என்னைப் பார்க்கவில்லை. அதைப்போல் இனிய அவமதிப்பு என் வாழ்நாளில் எனக்குக் கிட்டியதில்லை.

அதே பேராசிரியர் இவ்வாண்டும் வந்திருந்தார். கார்க்கதவைப் பிடித்துக்கொண்டு, “யோசித்துப் பார்த்தேன், வேதமாணிக்கம். அது தலைவி கூற்றுதான்” என்றார்.

என் நாவின் நுனிவரை வந்தது. “இருக்கலாம் ஐயா” என்று சொல்லி, கார்க்கதவை வெளியே நின்று சாத்தினேன்.

கடைசிப் பந்தியில் யோவேலுக்கும் எப்சிபாவுக்கும் நடுவே அமர்ந்தேன். ஞானப்பூ எதிர்வரிசையில். தேவஇரக்கம் தாமே சோற்றுக் கூடையை ஏந்தி வந்தார். ஆவி பறந்தது. என் இலைக்குமுன் நின்று, இடுப்பிலிருந்து விளக்குமாற்றுப் பதிவேட்டை எடுத்து நீட்டினார்.

“கையெழுத்துப் போட்டுட்டுச் சாப்பிடுங்க, அத்தான். விதி இருக்குல்லா.”

எண்பது பேரும் சிரித்தனர். கையொப்பமிட்டேன். கண்ணில் நீர் வந்தது. வெங்காயம் எதுவும் அருகில் இல்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

அசைன்மெண்ட்டைத் திருத்தி எழுதி அனுப்பினேன். ஐந்து பக்கம். பூட்டின்முன் நின்றவர் கூற்று, ஜிப்பா துவைத்தவள் கூற்று, எதிரே இலையிட்டு அமர்ந்தவர் கூற்று, ஈற்றில் சாவியை வைத்திருந்தவன் கூற்று. எது சரியான பார்வை என்ற வினாவுக்கு, கடைசிப் பந்தியில் இருந்து பார்ப்பது நலம் என்று மட்டும் விடை எழுதினேன். மதிப்பெண் என்ன வருமோ, அறியேன். சாவியைப் பாடநூலின் முதல் அலகில் பக்க அடையாளமாக வைத்திருக்கிறேன். இன்று மதியம் தேவஇரக்கம் எங்கள் வீட்டில் உண்டார். குழம்பில் உப்பு சரியாக இருந்தது.

இவ்வேட்டைத் திறந்து வாசிப்பவரே, நீர் எவராயினும் உமக்கும் உம் இல்லத்தார்க்கும் நலம் பெருகுக. உம் அடுப்பில் கொதிக்கும் உலைக்கு அரிசி என்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாக. உம் பிழையை அறிந்தும் அன்பால் காத்திருப்போர் உமக்கு வாய்ப்பாராக. அவரை நெடுநாள் காக்கவைக்காத நெஞ்சும் உமக்கு வாய்ப்பதாக. உம் வீட்டுப் பந்தியில் கடைசியாக அமர்பவரின் இலையிலும் ஆவி பறக்கும் சோறு விழுவதாக. ஆமென்.